இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை: பெட்ரோல் எங்கே நின்றது? பழைய கார் வைத்திருப்பவர்களின் கேள்விகள்

பழைய காரை வைத்துக்கொண்டு அல்லாடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கார்ப்பரேட்டர் வண்டி, ஆரம்பகால இன்ஜெக்‌ஷன் வண்டி, கடைசியில் கொஞ்சம் டீசல். எல்லா பதிலுக்கும் அடியில் ஒரே பிடிவாதம்தான் இருக்கிறது: டேங்க்கிலிருந்து கிளம்பிய பெட்ரோல் எந்த இடத்தில் நின்றது என்று கண்ணால் பார்க்காமல் எந்தச் சாமானும் வாங்காதீர்கள். பம்ப்பை மாற்றுவது கடைசி வேலை. நம்மில் பலர் அதைத்தான் முதலில் செய்கிறோம்.

செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. கோளாறு பெட்ரோலில்தான் என்று எப்படித் தெரியும்?

சுற்றுகிறது என்றால் பேட்டரியையும் செல்ஃபையும் விட்டுவிடலாம். மிச்சம் மூன்று: பெட்ரோல், பிளக்கில் கரண்ட், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுந்துவது). மூன்றாவதைக் காதாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வழக்கமான இழுத்து இழுத்துச் சுற்றும் சத்தம் போய், "விர்ர்" என்று ஒரே சீராக, எப்போதையும்விட வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது செல்ஃபை மேற்கொண்டு தொடாதீர்கள். சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

பெட்ரோலா கரண்டா என்று பிரிக்க, ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்ப்பரேட்டர் வாய்க்குள் கார்ப் க்ளீனரை இரண்டு விநாடி அடியுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் த்ராட்டில் பாடிக்குள். ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிட்டு செல்ஃப் போடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விடாதீர்கள், இன்ஜின் திருப்பி அடித்தால் நெருப்பு அந்த வாய் வழியாகத்தான் வெளியே வரும். ஓரிரு விநாடி உறுமிவிட்டு அணைந்தால் கரண்ட் இருக்கிறது, பெட்ரோல் வந்து சேரவில்லை. ஒரு சின்ன இருமல்கூட இல்லையென்றால் முதலில் இக்னிஷனைப் பாருங்கள்.

ஸ்ப்ரே கையில் இல்லையா? பத்து விநாடி செல்ஃப் அடித்த கையோடு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். முனை வறண்டிருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து, மூக்கைத் துளைக்கும் வாசனை அடித்தால் பெட்ரோல் வருகிறது. எரியவில்லை, அல்லது அளவுக்கு மீறி வருகிறது.

ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். பெட்ரோல் கோளாறைத் தேடப் போய் செல்ஃபைச் சுட்டுவிட்டு வந்தவர்கள் நிறைய.

பெட்ரோல் லைனில் கை வைக்கும் முன் என்னென்ன கவனிக்க வேண்டும்?

பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். அதாவது நாம் வேலை செய்யும் எந்த இடத்திலும், எந்த நேரத்திலும் அது தயார். காற்றைவிட கனமானது என்பதால் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். பத்தடி தள்ளி இருக்கும் அடுப்பும் ஆபத்துதான். மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். பழைய குண்டு பல்பு விளக்கைக் காருக்கடியில் கொண்டுபோகாதீர்கள். அதன்மேல் பெட்ரோல் சொட்டினால் கண்ணாடி உடைந்து, சூடான இழை வெளியே வந்துவிடும். எல்இடி டார்ச் போதும். பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து எரிந்துகொண்டே பரவும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் அணைத்த பிறகும் லைனில் அழுத்தம் இருக்கும். பம்ப் ஃப்யூஸை உருவிவிட்டு செல்ஃப் அடித்து அழுத்தத்தை இறக்கிய பிறகே ஹோஸைக் கழற்ற வேண்டும்.

இன்னொன்று. டியூபை வாயில் வைத்து உறிஞ்சி பெட்ரோல் எடுக்கும் பழக்கம். ஒரு மடக்கு தவறி நுரையீரலுக்குள் போனாலே ரசாயன நிமோனியா வரும். வயிற்றுக்குள் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, அது இரண்டாவது முறை நுரையீரலுக்குள் இறங்கும். கைப்பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரில் கால் டேங்க் காட்டுகிறது. பெட்ரோல் தீர்ந்திருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. நான் பட்டது இது. முள் கால் டேங்க்கில் நின்றது. அதை நம்பி, இன்ஜின் சுழற்சியிலேயே ஓடும் மெக்கானிக்கல் பம்ப்பைக் கழற்றி, உள்ளே பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வான டயஃப்ரம் மாற்றி, பாக்கிங் போட்டு மாட்டி, கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தேன். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "டேங்க்கை ஆட்டிப் பார்த்தியா தம்பி?" மூடியைத் திறந்து, பின் பம்பரைப் பிடித்து வண்டியை ஆட்டினேன். தளும்பும் சத்தமே இல்லை.

டேங்க்குக்குள் இருக்கும் மிதவை துருப்பிடித்து நடுவழியில் சிக்கிக்கொள்ளும். மேட்டில் சாய்த்து நிறுத்தியிருந்தால் இருக்கிற கொஞ்சமும் உறிஞ்சு குழாய் இல்லாத மூலைக்குப் போய்விடும். எனவே முதலில் ஐந்து லிட்டர் ஊற்றுங்கள். வேறு எதையும் கழற்றும் முன் இதைச் செய்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆறேழு மாதம் நின்ற வண்டி. டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறது. அது போதாதா?

முகர்ந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் சுரீரென்று இருக்கும். கெட்டுப்போனது வார்னிஷ் மாதிரி, புளித்த வாடை அடிக்கும். நிறமும் கறுத்திருக்கும். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த இன்ஜினைப் பற்றவைக்கிறது. நிற்க நிற்க முதலில் பறந்துபோவது அதுதான். மிச்சமிருப்பது சூடான இன்ஜினில் எரிந்தாலும் எரியலாம், காலையில் பிடிக்காது.

எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னொரு தொல்லை. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அதே அடியிலிருந்துதான். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் கோடு போட்டதுபோல் வேறொரு அடுக்கு தெரிந்தால், புதிய பெட்ரோல் கலந்து சமாளிக்கப் பார்க்காதீர்கள். முழுவதையும் வடித்துவிட வேண்டியதுதான்.

கார்ப்பரேட்டர் வண்டியில் எங்கிருந்து பார்ப்பது?

இன்ஜின் பக்கத்திலிருந்து டேங்க் நோக்கிப் பின்னால் வாருங்கள். இன்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரை எடுத்து, சோக் பிளேட்டை விரலால் திறந்து பிடித்துக்கொண்டு, கார்ப்பரேட்டர் வாய்க்குள் டார்ச் அடியுங்கள். மற்றொரு கையால் த்ராட்டில் லீவரைச் சட்டென்று திருப்புங்கள். ஊசி நுனியளவு துளையிலிருந்து பெட்ரோல் மெல்லிய நூலாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால், கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. டேங்க், பம்ப், ஃபில்டர் மூன்றையும் இப்போதைக்கு மறந்துவிட்டு சோக், ஜெட், கரண்ட் பக்கம் பாருங்கள். ஐந்து விநாடி வேலை. பாதி மெனக்கெடல் இதிலேயே மிச்சம்.

பீய்ச்சவில்லையா? கிண்ணம் காலியாக இருக்கலாம், அல்லது அந்தப் பீய்ச்சலைத் தரும் ஆக்சிலேட்டர் பம்ப் மட்டும் போயிருக்கலாம். கார்ப்பரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விடுங்கள். பொறி வராதபடி காயிலின் கனெக்‌ஷனை எடுத்துவிட்டு, உதவிக்கு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கல் பம்ப் நன்றாக இருந்தால் "பளிச் பளிச்" என்று விட்டுவிட்டு, அழுத்தமாக அடிக்கும். அப்படி வந்தும் கிண்ணம் நிரம்பவில்லையென்றால், கிண்ணத்துக்குள் பெட்ரோலைத் திறந்து மூடும் ஊசி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் மெதுவாக இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். உள்ளே நுழையும் இடத்தில் சின்ன வலை ஃபில்டர் ஒன்று பல கார்ப்பரேட்டர்களில் உண்டு. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருபது வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

வாரக்கணக்கில் நின்ற வண்டியில் கிண்ணம் தானாகவே ஆவியாகி வறண்டிருக்கும். மெக்கானிக்கல் பம்ப் அதை நிரப்பச் சில சுற்று செல்ஃப் தேவைப்படும். அது கோளாறு ஆகாது.

ஹோஸில் பாட்டிலுக்கு ஒன்றும் வரவில்லை. பம்ப் போச்சா?

இன்னும் தெரியாது. பம்ப்புக்கு உள்ளே வரும் ஹோஸைக் கழற்றி, பெட்ரோல் நிரம்பிய ஒரு சிறு கேனில் நனைந்திருக்கும்படி புதிய டியூப் ஒன்றை மாட்டி மறுபடி செல்ஃப் அடியுங்கள். இப்போது பாட்டிலுக்கு வந்தால் பம்ப் பிழைத்தது. குற்றவாளி பம்ப்புக்கும் டேங்க்குக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இப்போதும் வராவிட்டால்தான் பம்ப்பைக் கழற்ற ஒரு காரணம் கிடைக்கிறது.

டயஃப்ரம் கிழிந்திருந்தால் பம்ப்பே காட்டிக்கொடுக்கும். அதன் வயிற்றிலுள்ள சிறு துளையில் பெட்ரோல் சொட்டும். அல்லது பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்து முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டக் கூடாது.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. இந்த வகை பம்ப் தரும் அழுத்தம் சுமார் 0.2 முதல் 0.35 பார்தான், அதாவது 3 முதல் 5 பிஎஸ்ஐ. "கரண்ட் பம்ப் நல்ல ஃபோர்ஸா வரும்" என்று இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப்பைக் கார்ப்பரேட்டருக்கு மாட்டினால் ஊசி வால்வு தாங்காது. பெட்ரோல் மேலே வழிந்து சூடான மேனிஃபோல்டில் விழும்.

எங்கும் ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை. ஆனாலும் பெட்ரோல் வருவதில்லையே?

கசிவு என்றால் தரையில் ஈரம் தேடுகிறோம். பம்ப்புக்குப் பிந்தைய பகுதிக்கு அது சரி. டேங்க்குக்கும் மெக்கானிக்கல் பம்ப்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் பகுதி. அங்கே ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பாதி குடித்த இளநீரில் ஸ்ட்ரா கீறியிருந்தால் எப்படி வெறும் காற்றாக வருமோ, அதேதான்.

நான் முதலில் பார்க்கும் இடம் க்ளிப்புக்குக் கீழே. வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸை, க்ளிப்பை நகர்த்தி வளைத்துப் பாருங்கள். காய்ந்த குளத்து மண் போலப் பொடிப்பொடியாக வெடித்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். மீட்டர் கணக்கில் வாங்கும்போது, எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஹோஸும் வேக்கம் ஹோஸும் உதவாது.

காலையில் ஒரே அடியில் பிடிக்கிறது. நன்றாக ஓட்டி, அணைத்து, அரை மணி கழித்து எடுத்தால் பிடிப்பதில்லை. ஏன்?

இன்ஜினை அணைத்தவுடன் காற்றோட்டமும் நின்றுவிடும். பானெட்டுக்குள் சூடு ஏறும். லைனிலும் பம்ப்பிலும் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகும். திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்ப்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. இதுதான் வேப்பர் லாக். பானெட்டைத் திறந்துவைத்து, பம்ப்பின்மேலும் லைன்மேலும் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பிடித்தால் சந்தேகமே வேண்டாம்.

நிரந்தர வழி, சைலன்சர் குழாயை ஒட்டிப் போகும் லைனைத் தள்ளிக் கட்டுவது, நடுவில் தகடு வைப்பது, கார்ப்பரேட்டருக்கு அடியில் பேக்லைட் துண்டு வைப்பது. பெட்ரோல் குழாயில் துணி உலர்த்தும் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டும் வைத்தியமும் உலகெங்கும் உண்டு. மரம் சூட்டை எடுத்துக்கொண்டு போகாது. கிளிப்பை மாட்டி முடிக்கும் நேரத்தில் வண்டி ஆறிவிடுகிறது, அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் சூடானதும் செத்துப்போகும் இக்னிஷன் காயிலும் இதே வேஷம் போடும். அந்த நேரத்திலேயே பிளக்கில் கரண்ட் பாருங்கள்.

இருபது நிமிடம் ஓடுகிறது, தானாக அணைகிறது, கொஞ்ச நேரம் கழித்துப் பிடிக்கிறது. இதுவும் வேப்பர் லாக்தானா?

அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால், டேங்க்கின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உருவாகி, பம்ப் இழுக்க இழுக்க டேங்க் விடமாட்டேன் என்கிறது. துளை இல்லாத வேறு மூடியை யாராவது மாற்றிப் போட்டிருந்தாலும் இதே கதிதான்.

இன்ஜெக்‌ஷன் வண்டி. சாவி போட்டால் பம்ப் சத்தம் கேட்பதில்லை. என்ன செய்வது?

பெரும்பாலான வண்டிகளில் சாவி போட்டதும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு மூன்று விநாடி ஒரு முனகல் கேட்டு நிற்கும். அது இல்லையென்றால் வரிசையாக: ஃப்யூஸ், ரிலே, சில வண்டிகளில் மோதல் நடந்தால் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச். அந்தச் சுவிட்ச் டிக்கியிலோ காலடிப் பகுதியிலோ இருக்கும், ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கினாலே துள்ளிவிடும். மேலே இருக்கும் பட்டனை அமுக்கினால் போதும்.

ரிலேவைச் சோதிக்க, பக்கத்திலுள்ள அதே மாதிரி ரிலேவை மாற்றி மாட்டிப் பாருங்கள். இன்னும் பேசவில்லையென்றால் ரிலே சாக்கெட்டில் 30, 87 என்று எண்ணிட்ட இரண்டு முனைகளையும் ஃப்யூஸ் வைத்த ஒயரால் இணையுங்கள். பம்ப் ஓடினால் பம்ப் நல்லது, அதற்கு உத்தரவு போகவில்லை. ஓடவில்லையென்றால் பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். பேட்டரியில் 12.5 இருந்து இங்கே 9 காட்டினால், நடுவில் ஒயரோ எர்த்தோ துருப்பிடித்துச் சாப்பிடுகிறது. புதிய பம்ப் போட்டாலும் அது மெலிந்துதான் ஓடும்.

பெட்ரோலும் இல்லை, கரண்டும் இல்லை, இரண்டும் ஒரே நேரத்தில் போனதா? இரண்டு கோளாறு சேர்ந்து வருவது அபூர்வம். இன்ஜின் சுற்றுகிறது என்று இசியுவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். அந்த சிக்னல் வராவிட்டால் இசியு இரண்டையும் நிறுத்திவிடும்.

பம்ப் முனகுகிறது. ஆனாலும் ஸ்டார்ட் இல்லை?

சத்தம் வேறு, அழுத்தம் வேறு. பிரஷர் கேஜ் இல்லாமல் இதைத் தீர்க்க முடியாது. சாதாரண மல்டி பாயின்ட் இன்ஜெக்‌ஷனில் சுமார் 2.5 முதல் 3.5 பார் வர வேண்டும். த்ராட்டில் பாடியில் ஒரே இன்ஜெக்டர் உள்ள வகைக்கு 1 பார் அளவே போதும். பாஷ் கே-ஜெட்ரானிக் மாதிரி மெக்கானிக்கல் வகையில் 5 பார் பக்கம் ஓடும். உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள எண்தான் இறுதி.

அழுத்தம் குறைவென்றால் ஃபில்டர் அடைப்பு, லைன் அழுத்தத்தை அளவாக வைத்திருக்கும் ரெகுலேட்டர், அல்லது டேங்க்குக்குள் பம்ப்பையும் மூடித்தட்டையும் இணைக்கும் சாண் நீள ஹோஸ். இந்தக் கடைசி ஆசாமி பொல்லாதவன். பிளந்துவிட்டால் பம்ப் ஓடும், பெட்ரோல் டேங்க்குக்குள்ளேயே சுற்றி விழும். ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸை உருவி முகருங்கள். அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

அழுத்தம் சரியாக இருந்தால் இன்ஜெக்டர் திறக்கிறதா பாருங்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டரில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தால் செல்ஃப் அடிக்கும்போது "டிக் டிக்" கேட்கும். ஃபேனும் பெல்ட்டும் சுற்றுகிறது, தலைமுடியும் துப்பட்டாவும் பத்திரம்.

டேங்க்கின் அடியில் தட்டினால் பிடிக்கிறதே, அப்படியே ஓட்டலாமா?

வீடு வரை ஓட்டலாம். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. பம்ப்பை மாற்றச் சொல்லும் அறிகுறிகளில் இது ஒன்றைத்தான் நான் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வேன்.

காலையில் முதல் முறை ரொம்ப நேரம் இழுக்கிறது, பிறகு நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை.

சாவியைப் போட்டு, முனகல் நின்றதும் எடுத்து, மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். உடனே பிடித்தால் இரவில் லைன் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வோ, ரெகுலேட்டரோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணம்.

பெட்ரோல் வாடை தூக்குகிறது. பிளக் எல்லாம் நனைந்திருக்கிறது.

ஓவர்ஃப்ளோ. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விடாதீர்கள். கார்ப்பரேட்டரில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீய்ச்சல் கூடும். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் முழு மிதியில் செல்ஃப் அடித்தால் இசியு இன்ஜெக்டரை நிறுத்தி இன்ஜினை உலரவிடும்.

கேஸ் கிட் போட்ட வண்டி. பெட்ரோலுக்கு மாற்றினால் ஸ்டார்ட் ஆவதில்லை.

மாதக்கணக்கில் கேஸிலேயே ஓட்டினால் டேங்க்கில் கிடக்கும் ஒன்றிரண்டு லிட்டர் கெட்டுப்போகும். பல கிட்களில் கேஸில் ஓடும்போதும் பம்ப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான். டேங்க் வறண்டால் பம்ப் சூட்டிலேயே சாகும். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும்.

டீசல் வண்டிக்கும் இதே வழியா?

பாதை அதுதான், எதிரி வேறு. இங்கே காற்று. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, பற்றவில்லை. ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. பம்ப்பின் மேலுள்ள, டீசலைத் திறந்து அடைக்கும் மின் வால்வான ஸ்டாப் சோலனாய்டுக்குச் சாவி போட்டதும் 12 வோல்ட் வந்து "டக்" என்று கேட்க வேண்டும்.

அது சரியென்றால் ஏர் எடுங்கள். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் நுரை, பிறகு குமிழி, கடைசியில் தெளிந்த டீசல். அப்போது மூடுங்கள். தேவைப்பட்டால் நாசில் நட்டுகளையும் ஒரு சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடித்து ஏரை வெளியேற்றலாம். இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புதிய காமன் ரெயில் டீசலில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், அங்கே ஸ்பேனர் வைக்கவே கூடாது. எந்த டீசல் வண்டியிலும் பீய்ச்சும் இடத்தைக் கையால் தடவாதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படிப் போனால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைதான். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈத்தர் ஸ்ப்ரேயும் வேண்டாம், பிஸ்டன் உடையும்.

புது ஃபில்டர் போட்டு ஒரு வாரம்தான், மறுபடி அதே கதை.

அடைத்த ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். உலோக ஃபில்டரில் பெட்ரோல் வரும் பக்கத்து வாயைக் கீழே கவிழ்த்து, வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்புத் தூள் கொட்டினால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. எத்தனை ஃபில்டர் போட்டாலும் வாரம் ஒன்று காலி. கறுப்புத் துணுக்குகள் என்றால் ஏதோ ஒரு ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உரிகிறது. புதிதை மாட்டும்போது அதன்மேலுள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்க்க வேண்டும்.

டேங்க்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான். காலி டேங்க் என்று நம்பி வெல்டிங் பட்டறைக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். நிறைந்த டேங்க்கைவிட ஆவி மட்டும் நிற்கும் காலி டேங்க்தான் வெடிக்கும்.